கப்பலம்மா பேசிய ஒட்டு வசனங்கள்

அந்தப் படக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. வாசல் காவலாளி முதல் தேநீர்த் தட்டைத் தூக்கி வருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் கப்பலம்மாதான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஏதோ கப்பல் வைத்துப் பிழைத்த குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. கம்பெனி வரிசையாக எடுத்துவந்த விண்வெளிப் படங்களில் ஒரு கப்பல் வரும். அந்தக் கப்பல் பேசும். கதவு திறந்தால் சொல்லும், எதிரி நெருங்கினால் சொல்லும், உள்ளே இருக்கிற காற்று தீர்ந்துபோகிறது என்றால் அதையும் பதறாமல் சொல்லும். அந்தக் குரல் அவளுடையது.

அதற்கு முன்னால் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தாள். எந்த வண்டி எந்த மேடையில், எது தாமதம், எது ரத்து. முதல் படத்தை எடுத்த டைரக்டர் ஒருநாள் மூட்டையும் முடிச்சுமாக அங்கே காத்திருந்தபோது, அவர் ஏற வேண்டிய வண்டியே ரத்து என்று ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. "வண்டி போச்சுன்னு சொல்றாங்க, எனக்குக் கோபமே வரலை. இந்தக் குரல்தான் வேணும்" என்று அவர் அறிவிப்பு அறையைத் தேடிப் பிடித்து வந்துவிட்டார்.

அந்தப் படத்தில் கப்பலுக்கு ஏழெட்டு வரிதான். பேசிக் கொடுத்துவிட்டு மறுநாளே அவள் பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிட்டாள். படம் முடிந்து, வெளியிடுவதற்கு முன்னால் ஆட்களைக் கூட்டிவந்து சோதனைக் காட்சி போட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. கதாநாயகன் ஓர் அறையில் மாட்டிக்கொண்டு தவியாய்த் தவிக்கிறான். ஆனால் சற்று முன்னால்தான் இரும்புச் சுவரை வெண்ணெய் மாதிரி அறுக்கும் துப்பாக்கி ஒன்று அவன் கையில் இருந்தது. அதை எடுத்துச் சுட்டால் தீர்ந்தது, எதற்கு இந்த அழுகை என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். திரும்பப் படம்பிடிக்கலாம் என்றால், நடிகர் வேறொரு படத்துக்காக மொட்டையடித்துக்கொண்டு நிற்கிறார். கம்பெனியின் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் பெரிய தலைகளுக்கு மேலிடம் என்று பெயர். மேலிடம் தலையைப் பிய்த்துக்கொண்டது. கடைசியில் யாருக்கோ தோன்றியது, இதைக் கப்பலே சொல்லட்டுமே என்று.

அவளை வரவழைத்தார்கள். "துப்பாக்கியின் மின்கலம் தீர்ந்துவிட்டது, கேப்டன்" என்றாள். ஓட்டை அடைபட்டது. படம் ஓடு ஓடென்று ஓடியது.

அன்றிலிருந்து அவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. நடிகர் வாயில் புதிதாக ஒரு வசனத்தை வைக்க வேண்டுமென்றால் உதட்டசைவு பொருந்த வேண்டும். கப்பலுக்கு உதடு ஏது? நீளமான நடைவழி ஒன்றைக் காட்டி, எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம். ஆகவே மேலிடம் துணிந்துவிட்டது. செத்துப்போன வில்லன் சாகக் கூடாது என்று சொல்லும். பனிக்கிரகத்தில் எடுத்த சண்டையைத் தூக்கிப் பாலைவனத்துக்கு அப்புறம் போடச் சொல்லும். அப்படி ஒவ்வொரு தடவையும் கதையில் கிழிசல் விழும். கிழிசல் விழுந்ததும் கீழ்த்தளத்து ஒலிப்பதிவு அறையிலிருந்து கப்பலம்மாவுக்குப் போன் வரும். "எதிரிக் கப்பலிலிருந்து ஒரு சிறு படகு தப்பிச் சென்றிருக்கிறது, கேப்டன்" என்பாள். வில்லன் பிழைத்துவிடுவான். இந்தச் சப்பைக்கட்டுக்கு ஒலிப்பதிவு அறையில் ஒட்டு வசனம் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது படத்தின் முடிவில் கப்பல் வெடித்துச் சிதறியது. மூன்றாவது படம் எடுப்பதென்று மேலிடம் அதற்குள் முடிவு செய்துவிட்டதால், கப்பல் வேண்டும். "கவலை வேண்டாம், கேப்டன். என் நினைவின் நகல் விண்வெளி நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லச் சொன்னார்கள். ஒரே டேக்கில் சொல்லிவிட்டு, வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்த வரியை அன்று சாயங்காலமே மறந்தும் போனாள்.

வீடு மூன்றாவது மாடியில். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, துணி காயப்போடுகிற அளவுக்கு ஒரு பால்கனி. கல்யாணம் என்று ஒன்று நடந்திருந்தது. நான்கு வருஷத்தில் அது சட்டைப் பொத்தான் கழல்வது போலச் சத்தமில்லாமல் கழன்றுபோனது. சண்டை என்று சொல்லக்கூட ஒன்றுமில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு மிச்சமிருந்தது ஒரு தம்பி. அவன் மனைவி மகளோடு வெளிநாட்டில் இருந்தான்.

தனிமை என்றால் அவளுக்கு அது இருட்டும் அழுகையும் இல்லை. குரலைக் காப்பாற்ற வெந்நீர் குடிப்பாள், ஐஸ் தொடமாட்டாள், தெருவில் சத்தம் போட்டு யாரையும் கூப்பிடமாட்டாள். கடையில் சாமானைக் கையைக் காட்டியே வாங்கிவிடுவாள். சில நாள் படுக்கப் போகும்போது யோசித்துப் பார்த்தால், அன்று முழுக்க அவள் வாயிலிருந்து வந்தது கப்பலின் பேச்சு மட்டுமாக இருக்கும். "இடப்பக்க இயந்திரம் நின்றுவிட்டது, கேப்டன்." அதைத் தவிர வேறு ஒரு வார்த்தை இல்லை.

அந்தக் கேப்டனையும் அவள் நேரில் பார்த்ததில்லை. நடிகர்கள் வேறு எங்கேயோ பேசிப் பதிவு செய்வார்கள். இவள் பஞ்சு ஒட்டிய சின்ன அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, யாரும் கேட்காத கேள்விகளுக்குப் பதில் சொல்வாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் இருப்பார். அவளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசமாட்டார். பொத்தானை அழுத்தி, "இன்னொண்ணு போலாமா மேடம்?" என்பார். பல வருஷமாக அவர்கள் பேசிக்கொண்டதில் பாதி அந்த ஒரு வாக்கியம்தான்.

மூன்றாவது படத்தில் பழைய கதாநாயகன் போய், கேப்டனாக ஒரு இளம் நடிகை வந்தாள். பிள்ளைகளுக்கு அவளையும் கப்பலையும் பிடித்துப்போய்விட்டது. உடனே கம்பெனி பொம்மை விட்டது. உள்ளங்கை அளவு கப்பல். வயிற்றை அமுக்கினால் "இடுப்புப் பட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள், கேப்டன்" என்று கப்பலம்மா குரலில் சொல்லும். இன்னொரு தடவை அமுக்கினால் "நன்றாகத் தூங்குங்கள், நான் விழித்திருக்கிறேன்" என்று சொல்லும். தம்பி தன் மகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தான். ஏழு வயசு. அந்தப் பொம்மை இல்லாமல் படுக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போனில் முகம் பார்த்துப் பேசுவான். "இந்தக் கப்பல் பேசுறது யார் தெரியுமா? நம்ம அத்தைதான்" என்று ஒருமுறை மகளிடம் காட்டினான். குழந்தை போனைப் பார்த்தது, பொம்மையைப் பார்த்தது. "இல்லை. கப்பல் வேற" என்று சொல்லிவிட்டுப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. தம்பி சிரித்தான், அவளும் சிரித்தாள். ஆனால் போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் முகத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்காவது படத்துக்கு ஒரு புது டைரக்டர் வந்தார். ஒல்லியான ஆள், சாப்பாட்டுக்குப் பதிலாகப் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்கிற ரகம். படிக்கிற காலத்தில் முதல் படத்தைப் பார்த்துவிட்டு சினிமாவுக்கு வந்தவராம். படப்பிடிப்பு தொடங்கும் முன்பே அவளைத் தேடி ஒலிப்பதிவு அறைக்கு வந்தார்.

"அக்கா, இந்தப் படத்துல கப்பல் செத்துப்போகுது" என்றார்.

"அதுக்கென்ன தம்பி, ரெண்டாவது படத்துலயே வெடிச்சுதே."

"அது வெடிச்சுது. இது சாகுது. கேப்டனையும் மத்தவங்களையும் வெளியே அனுப்பிட்டு, கதவைப் பிடிச்சுக்கிட்டு அது மட்டும் உள்ளே நிக்குது. உங்களுக்கு ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கேன்."

ஒரு முழுப் பக்கம். அவள் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். அதில் எங்கேயும் மின்கலமோ இயந்திரமோ இல்லை. "பயமா இருக்கா?" என்று கேப்டன் கேட்கிறாள். "அந்தச் சொல்லின் பொருளை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை" என்று கப்பல் சொல்கிறது. "நான் போனதும் விளக்குகளை நானே அணைத்துவிடுகிறேன். நீங்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

பதிவு அன்று டைரக்டர் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு பஞ்சறைக்குள்ளேயே வந்துவிட்டார். "நீங்க தனியா நின்னு சுவரைப் பார்த்துப் பேச வேணாம்கா. கேப்டன் வசனத்தை நான் படிக்கிறேன்." அந்த அறைக்குள் இன்னொரு மனிதர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவருக்கு நடிப்பு சுத்தமாக வராது. அவசரமாக, பிஸ்கட் துகள் மீசையில் ஒட்ட, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி படித்தார். இருந்தாலும் அவர் "பயமா இருக்கா?" என்று கேட்டபோது அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள். யாரோ தன்னைக் கேட்கிறார்கள், தான் பதில் சொல்கிறோம். அவ்வளவுதான் நடந்தது. பேசி முடித்த பிறகு ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார். "இன்னொண்ணு வேணாம் மேடம்" என்றார்.

சோதனைக் காட்சியில் ஜனங்கள் அழுதார்கள். டைரக்டர் தானே போன் போட்டுச் சொன்னார். ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை.

"அழுதுட்டு வெளியே வந்து எல்லாரும் ஒரே கேள்வியைக் கேக்கிறாங்கக்கா. நகல் இருக்கே, அதை எடுத்துப் போட்டா கப்பல் திரும்ப வந்துடுமே, இதுக்கு எதுக்கு இவ்வளவு அழுகைன்னு. ரெண்டாவது படத்துல யாரோ ஒரு வரி வெச்சிருக்காங்க."

"யாரோ இல்லை தம்பி. அதைப் பேசினது நான்தான்" என்றாள் அவள்.

மேலிடம் இதுதான் சாக்கென்று பிடித்துக்கொண்டது. சாவு லாஜிக்கில் நிற்கவில்லை, எடுத்துவிடு; கப்பல் பிழைக்கட்டும் என்றது. தன் வாயால் ஒட்டிய ஒட்டு தன் ஒரே நல்ல காட்சியின் கழுத்தை இறுக்கும் என்று அவள் கண்டாளா? இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். டைரக்டருக்குப் போன் போட்டாள். அவளாக அவருக்குப் போன் செய்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, அந்த நகலை எடுத்தது ரெண்டாவது படத்துல. இந்தக் கேப்டன் பொண்ணு வந்தது மூணாவதுல. கேப்டன் நகலைப் பத்திக் கேக்கட்டும். கப்பல் சொல்லட்டும்..." என்றவள், கப்பலின் குரலுக்கு மாறினாள். "நகல் இருக்கிறது, கேப்டன். ஆனால் அது எடுக்கப்பட்டபோது நீங்கள் வந்திருக்கவில்லை. அதற்கு உங்களைத் தெரியாது."

"அக்கா, நீங்க உடனே கிளம்பி வாங்க. ரெண்டு பேருமா மேலே போறோம்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவள் ஏழாவது மாடிக்குப் போனதில்லை. கால் புதைகிற விரிப்பு, நீண்ட மேசை, சுவர் முழுக்க பட விளம்பரங்கள். உட்கார்ந்திருந்த ஐந்தாறு பேரும் அவளை யாரோ டைரக்டரின் உறவுக்காரர் என்று நினைத்துத் தலையசைத்தார்கள். "வணக்கம்" என்று அவள் வாயைத் திறந்த மறுகணம் எல்லா முகமும் மலர்ந்தது.

"ஐயோ, கப்பல்!" என்றார் ஒருவர். "மேடம், என் பையன் உங்க ரசிகன். அந்த இடுப்புப் பட்டை வசனத்தை ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்!"

சொன்னாள். கைதட்டினார்கள். இன்னொருவர் தூங்குகிற வசனத்தைக் கேட்டு, போனில் பதிவு செய்துகொண்டார். அதன் பிறகு அவள் நகல் விஷயத்தை விளக்க ஆரம்பித்தாள். அவர்கள் புன்னகையோடு கேட்டார்கள். எதற்கெடுத்தாலும் புன்னகை. கப்பல் பேசுகிற அழகைத்தான் கேட்கிறார்கள், சொல்வதைக் கேட்கவில்லை என்று அவளுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது. இருந்தும் விடாமல் முடித்தாள்.

ஒருத்தி மட்டும் நிஜமாகவே கேட்டிருந்தாள். மேலிடத்தின் தலைமை மேலாளர். நாற்பது வயசிருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"மூணாவது படத்துக்கு அப்புறம் ஏன் புதுசா நகல் எடுக்கலைன்னு கேப்பாங்களே?" என்றாள்.

"மறந்துட்டாங்கன்னு வெச்சுக்கலாம். மனுஷங்கதானே" என்றாள் கப்பலம்மா.

மேலாளர் அந்தப் பதிலை ரசித்தாள். பேனாவை மூடி வைத்தாள். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல வரி. ரொம்பவே நல்ல வரி. அதான் பிரச்சினை. அடுத்த படத்தை நாங்க அறிவிச்சாச்சு, அது ஒரு பக்கம் இருக்கட்டும். ராத்திரியானா எத்தனை குழந்தைங்க அந்தப் பொம்மையைக் கட்டிக்கிட்டுத் தூங்குது தெரியுமா? அதுங்ககிட்ட போய், கப்பல் செத்துடுச்சு, இன்னொண்ணு இருக்கு, ஆனா அதுக்கு உன்னைத் தெரியாதுன்னு சொன்னா, அந்தக் குழந்தை கையில இருக்கிற பொம்மையை என்ன பண்ணும்? நீங்களே சொல்லுங்க."

பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடிய முதுகு ஒன்று கண்முன் வந்து நின்றது. மேசையில் யாரோ காப்பி நீட்டினார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

லிப்டில் இறங்கும்போது டைரக்டர் பொருமினார். "என்னக்கா, அப்படியே விட்டுட்டீங்க? உங்க பேச்சைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க."

"என் தம்பி பொண்ணுகிட்டயும் அந்தப் பொம்மை இருக்கு தம்பி."

கீழ்த்தளம் வந்ததும் அவர் வருகிறேன் என்று கூடச் சொல்லாமல் எதிர்ப்பக்கம் நடந்தார். சில நாளில் படத்தை அப்படியே விட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டாள். விளம்பரத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. மிச்ச வெட்டும் ஒட்டும் மேலிடமே உட்கார்ந்து பார்த்துக்கொண்டது.

புது வரிக்காக அவளைக் கூப்பிட்டார்கள். "எல்லாம் சரியாகிவிட்டது, கேப்டன். நான் இங்கேதான் இருக்கிறேன்." மேலிடத்திலிருந்து ஒருவர் போன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் சந்தோஷமா" என்றார். சொன்னாள். "இன்னும் கொஞ்சம்." சொன்னாள். எந்த வரியையும் ஒரே டேக்கில் முடிக்கிறவளுக்கு அன்று மைக் முன்னால் வியர்த்தது. கடைசியில் பேருந்து நிலையத்தில் வண்டி சரியான நேரத்துக்கு வந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "இதான்! பிரமாதம்!" என்று போன் வைக்கப்பட்டது.

ஒலிப்பதிவாளர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "மேடம், அந்தப் பழைய பக்கத்தோட பதிவை மேலே அனுப்பச் சொல்லியிருக்காங்க. அங்கே போனது எதுவும் கீழே வந்ததில்லை. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேக்கிறீங்களா?"

அவள் முதல் தடவையாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கேட்டார்கள். டைரக்டரின் அவசரமான குரல், அதற்கு அவள் பதில். இடையில் ஓரிடத்தில் பிஸ்கட் பாக்கெட் சரசரத்தது. முடிந்ததும் அவர் கருவியை அணைத்தார்.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்றாள்.

சாப்பிட்டிருக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று படியேறும்போது யோசித்தாள். வாசல்வரை வந்து, திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்றுகூட நின்றாள். திரும்பிப் போய் என்ன சொல்வது? சாப்பிடவில்லை என்றா? காவலாளி அவளைப் பார்த்து, "ஏதாவது மறந்துட்டீங்களா கப்பலம்மா?" என்றார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வெளியே நடந்தாள்.

படம் வெளிவந்த மறுவாரம் மத்தியானக் காட்சிக்குத் தனியாகப் போனாள். தன் படத்தை அப்படித்தான் பார்ப்பாள். நடுவரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு. பின்வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர். கப்பல் தீப்பிடித்து எரிந்தது, கூரை பெயர்ந்து விழுந்தது, இனி ஒன்றும் மிச்சமில்லை என்கிற அளவுக்கு நொறுங்கியது. பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் காட்சி படக்கென்று வெட்டி, பளபளவென்று முழுக் கப்பல் நின்றது.

"டேய், என்னடா இது, எங்க காதுல பூ சுத்துறாங்க!" என்றான் ஒருவன்.

"இரு, இப்ப அந்தம்மா ஏதாவது சொல்லும் பாரு" என்றாள் இன்னொருத்தி.

"எல்லாம் சரியாகிவிட்டது, கேப்டன். நான் இங்கேதான் இருக்கிறேன்."

பின்வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இரண்டு குழந்தைகள் எழுந்து நின்று கைதட்டின. அவள் இரண்டையும் கேட்டாள். எது தனக்கு, எது தனக்கில்லை என்று பிரிக்கத் தெரியவில்லை. பெயர்கள் ஓடுகிறவரை உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் வருவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். துடைப்பத்தோடு வந்த பெண், "முடிஞ்சுதும்மா, எழுந்திருங்க" என்றாள்.

ஐந்தாவது படத்துக்குக் கையெழுத்து கேட்டு வந்தார்கள். போட்டுக் கொடுத்தாள். கப்பல் எப்படிப் பிழைத்தது என்று ஊரெல்லாம் கேட்கிறார்களாம். அதற்கு முதல் காட்சியிலேயே கப்பல் ஒரு விளக்கம் சொல்ல வேண்டுமாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது. படம் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. முகம் திரை முழுக்க இருந்தது.

"அத்தை, கப்பல்தான் மொத்தமா உடைஞ்சுபோச்சே. அப்புறம் எப்படிச் சரியாச்சு?"

அவள் வாய் பழக்கத்தில் ஒரு ஒட்டு வசனத்துக்குத் தயாரானது. பழுதுபார்க்கும் கருவிகள் என்று ஆரம்பித்துவிட்டாள். பாதியில் நிறுத்தினாள்.

"சரியாகலை கண்ணு."

"சரியாச்சுன்னு அதுவே சொல்லுச்சே."

"அப்படிச் சொல்லச் சொன்னாங்க. அதான் சொன்னேன்."

"நீங்களா சொன்னீங்க?"

"நான்தான்."

குழந்தை கண்ணை இடுக்கிப் பார்த்தது. "அப்ப நிஜமா என்ன ஆச்சு?"

அவள் சொன்னாள். கப்பல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை, கேப்டன் கேட்டதை, விளக்குகளைத் தானே அணைக்கிறேன் என்று சொன்னதை. கேப்டன் வசனத்தைச் சாதாரணமாகவும் கப்பல் வசனத்தைக் கப்பல் குரலிலும் சொன்னாள். ஏழாவது மாடியில் பயந்தார்களே, குழந்தை அழுதுவிடுமோ என்று அவளுக்கும் பயம் வந்தது. ஆனால் வாயை மூட முடியவில்லை. "நகல் இருக்கிறது, கேப்டன். ஆனால் அதற்கு உங்களைத் தெரியாது."

குழந்தை அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தது.

"மொதல்லேர்ந்து சொல்லிக்கொடுத்தா?"

"எதை?"

"எல்லாத்தையும். நான்தான் கேப்டன், எனக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது, அன்னிக்கு நாம அங்க போனோம்னு சொன்னா அதுக்குத் தெரிஞ்சுடும்ல? கொஞ்சம் நாளாகும். அவ்ளோதானே?"

டைரக்டருக்குத் தோன்றாதது, மேலிடத்துக்குத் தோன்றாதது, அடுப்புத் துணியும் கையுமாக நின்ற தனக்கும் தோன்றாதது. அந்த அழகான வரியில் இப்படி ஓர் ஓட்டை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள், குரல் கெட்டுவிடும் என்கிற நினைப்பே வரவில்லை.

"அத்தை, உங்க பின்னாடி சிவப்பா என்ன தொங்குது?"

"துண்டு."

"எங்க, காட்டுங்க."

துண்டைக் காட்டினாள். அப்புறம் அது இன்னும் காட்டச் சொன்னதால், போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டைக் காட்டினாள், வெந்நீர்ப் பாத்திரத்தைக் காட்டினாள், கால் ஆடுகிற நாற்காலியை ஆட்டிக் காட்டினாள். பால்கனிக்குப் போய் எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுவதைக் காட்டினாள். "அவர் பேர் என்ன?" என்றது குழந்தை. தெரியாது என்றாள். "கேட்டு வையுங்க" என்றது.

அதற்குள் உள்ளேயிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிடும் சத்தம் வந்தது. "வரேன் அத்தை" என்று போனை மேசைமேல் போட்டுவிட்டு ஓடிவிட்டது. யாரும் அணைக்கவில்லை. திரையில் அவர்கள் வீட்டுக் கூரையும் ஒரு விளக்கும் தெரிந்தன. தட்டு வைக்கிற ஓசை, தண்ணீர் ஊற்றுகிற ஓசை, தம்பி ஏதோ சொல்லி எல்லோரும் சிரிப்பது கேட்டது. அவள் பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தானே அணைத்தாள்.